பாண்டி பஜாரின் பிளாட்பாரம்

1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். குடியிருப்புக்காகப் போட்ட தெருக்கள் அவை. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் பட்டணத்துக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டது. ஜனம் வந்தது, பின்னாலேயே கடைகளும் வந்தன.

பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே போகும் தியாகராயா சாலையின் கடைப்பகுதிக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பெயர். சௌந்தரபாண்டியனார் பட்டிவீரன்பட்டிக்காரர்; 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவர். பலகையில் அவர் பெயர். ஜனங்களுக்கு அது என்றும் பாண்டி பஜார்தான்.

அந்த பஜாரின் உயிர் பிளாட்பாரத்தில் இருந்தது. கம்மல், வளையல், ஹேர்பின், நைட்டி, செருப்பு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையத் தயங்குகிறவர்கள்கூட இங்கே நின்று, பாதி விலைக்குக் கேட்டு, முக்கால் விலைக்கு வாங்கிப் போனார்கள். நடக்க இடமில்லை என்பது நிஜம். நடக்கிறவர்களை அங்கே வரவழைத்ததே அந்தக் கடைகள்தான் என்பதும் நிஜம். ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த பிறகு, 2013இல் பிளாட்பாரக் கடைக்காரர்களை மாநகராட்சியின் மாடி வளாகத்துக்கு அனுப்பினார்கள். ஹேர்பின் வாங்க மாடி ஏறுகிறவர் யார்?

2019 நவம்பரில், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாயில் அமைத்த நடைபாதை வளாகத்தை முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சுகள், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாதனங்கள். நன்றாகவே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலிருந்து போனஸ் பணத்தோடு வரும் குடும்பம் கொஞ்சம் காலாற உட்காரலாம். ஆனால் கோபன்ஹேகனில் 1962இல் ஸ்ட்ரோகெட் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு ஒதுக்கியபோது, வெளியேற்றியது கார்களை. இங்கே கார்கள் நடுவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியேறியவை பிளாட்பாரக் கடைகள்.

திட்டம், திறப்புவிழா எதுவுமில்லாமல் கார்களைத் துரத்திய தெரு ஒன்று அரை மைல் தள்ளி, மாம்பலம் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கிறது. கூட்டம்தான் அங்கே தடுப்புச்சுவர். 2023இல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆகாய நடைபாதை வந்த பிறகும் அங்கே நெரிசலுக்குக் குறைவில்லை. ரங்கநாதன் தெருவுக்குள் அடுத்த வாரம் நுழைவோம். பர்ஸ் பத்திரம்.

(தொடரும்)