எரிபொருளும் எள்ளி நகையாடிய ஏடும்

காற்றே இல்லாத வெளியிலே கனல் எரியுமா? எரியும் என்றார் ஓர் ஆசிரியர். இளமையிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தவர்; நூலகத்தையே கல்லூரியாகக் கொண்டவர்; ருஷ்யாவின் கலூகா நகரிலே பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்தவர். அவர்தான் சியோல்கோவ்ஸ்கி!

1903-இல் அவர் தீட்டிய ஆய்வுரை, வெடிமருந்தை விடுத்து, நீர்ம ஹைட்ரஜனையும் நீர்ம ஆக்சிஜனையும் ராக்கெட்டுக்கு உணவாக்கலாம் என்றது. எரியும் பொருளோடு எரியச் செய்யும் பொருளையும் சுமந்து சென்றால், வெளியிலே காற்றைத் தேடுவானேன்? வெடிமருந்தினும் அவை தரும் விசை பெரிது. குழாய்வழி வருவதால் கூட்டலாம், குறைக்கலாம்.

அமெரிக்காவிலே கோடார்ட் என்ற பேராசிரியர், வெற்றிடத்திலும் ராக்கெட் செல்லும் என்றார். 1920 சனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' ஏடு எள்ளி நகையாடியது. உந்துவதற்குக் காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எப்படிப் போகும், பள்ளிப் பாடமும் அறியாதவரா இவர் என்று ஏளனம் பேசிற்று. ராக்கெட் காற்றை உந்திச் செல்வதில்லை; தான் உமிழும் ஆவியின் எதிர்விசையாலே செல்கிறது. இவ்வுண்மையை ஏடு அறியவில்லை. அறியாமையை அறிவென்று அச்சடித்தது!

கோடார்ட் சோதனையைத் தொடர்ந்தார். 1926 மார்ச் 16 அன்று ஆபர்ன் சிற்றூரிலே, பெட்ரோலும் நீர்ம ஆக்சிஜனும் கொண்ட அவரது ராக்கெட் இரண்டரை வினாடி பறந்தது. எழுந்த உயரம் 41 அடி. நீர்ம எரிபொருளால் உலகிலே பறந்த முதல் ராக்கெட் அதுதான்.

அறிவு மட்டும் அறமாகிவிடுமா? ஆகாது, தோழர்களே! ஆல்ககாலும் நீர்ம ஆக்சிஜனும் உந்திய நாஜிகளின் வி-2, 1944-இல் லண்டன்மீது சாவை வீசியது. அது வீழ்ந்து மாண்டோரைவிட, அதைச் செய்யும் அடிமை வேலையிலே மாண்ட கைதிகளே மிகுதி என்று கணக்கிட்டுள்ளனர். விளக்கேற்றும் நெருப்பே வீட்டையும் கொளுத்தும். ஏந்தும் கை எதுவென்று நாம் கேட்டாக வேண்டும்.

1957-இல் மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் 'ஸ்புட்னிக்'கை விண்ணேற்றின. கழியத்தில் 253 பாகைக் குளிரிலே காக்கவேண்டிய நீர்ம ஹைட்ரஜனும் 1963-இல் 'சென்டார்' வழியே விண்ணிலே எரிந்தது. 1969-இல் மனிதரைத் திங்களுக்கு அனுப்பிய 'சாட்டர்ன்-5' ராக்கெட்டின் மேலடுக்குகள் இரண்டிலும் எரிந்தது, கலூகா ஆசிரியர் கூறிய அதே இணைதான்! அது புறப்பட்ட மறுநாள், சூலை 17 அன்று, நகையாடிய ஏடு தன் பிழையை ஒப்பி வருந்தியது. காண கோடார்ட் இல்லை, 1945-இலேயே மறைந்துவிட்டார்.

2014 சனவரி 5 அன்று, இந்தியாவிலேயே உருவாகி நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலே சோதிக்கப்பட்ட எந்திரத்திலும் அவ்விணை எரிந்து விண்ணளந்தது.

அச்சேறியதெல்லாம் உண்மையாகிவிடாது. பெரிய ஏடே உரைத்தாலும், ஏன், எப்படி என்று கேட்போம், சோதித்துத் தெளிவோம்!