இருபது டாலரும் ஒரு வேலியும்



போன வாரம் என் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். கையில் இரண்டு சீட்டோடு, எதிரே வண்ண வண்ண வில்லைகளோடு நான் உட்கார்ந்திருக்கும் படம். அன்று இரவே அது பழைய மாணவர் குழுவுக்கும் போய்விட்டது. "சார் சீட்டாடுறாரா?", "வேப்பமரத்தடியில நம்ம சீட்டுக்கட்ட கிழிச்சது இவர்தானே?" என்று இன்றுவரை எழுபத்துமூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், கிழித்தவன் நான்தான். படத்தில் இருப்பவனும் நான்தான். வரலாற்று ஆசிரியன் என்பதால் பதிலைக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்தது. டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே, மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். மாதம் ஒரு சனிக்கிழமை தன் கார் கொட்டகையில் தெருக்காரர்களுக்குப் போக்கர் போட்டி வைப்பார். ஆளுக்கு இருபது டாலர். பதினாறு பேர், இரண்டு மேசை. சேர்ந்த 320 டாலரில் முதல் பரிசு 160, அடுத்து 100, அடுத்து 60. நடத்துகிறவருக்கு ஒரு காசு கிடையாது. கோழி வறுவல் மட்டும் அவர் செலவு. "வாங்க சார், வேடிக்கை பார்க்கலாம்" என்று கூப்பிட்டார். வேடிக்கை பார்க்கப் போனவனை ஓர் ஆள் குறைகிறது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

இந்த ஆட்டம் எங்கே பிறந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டைதான். பாரசீகத்தின் 'ஆஸ் நாஸ்' என்பார் சிலர். பிரெஞ்சுக்காரர்களின் 'போக்' என்பார் சிலர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் அது போக்கராக உருவெடுத்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அப்போது 20 சீட்டுதான். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து. மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளில் அது பரவியது. 1829இல் அப்படி ஒரு படகில் இந்த ஆட்டத்தைப் பார்த்ததை ஜோசப் கொவெல் என்ற ஆங்கில நாடக நடிகர் 1844இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பருத்தி விற்ற பணத்தோடு வருகிற வியாபாரிகளைக் குறிவைத்தே படகில் ஏறி இறங்கிய தொழில்முறைச் சூதாடிகள் அன்று நிறைய. மேசையில் இருப்பது தீர்ந்தால் பையிலிருந்து எடு. பை தீர்ந்தால் கடன் வாங்கு. விடியும்வரை ஆட்டம் முடியாது. 'போதும்' என்று சொல்லும் இடம் அந்த ஆட்டத்தில் எங்குமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவேன்.

நான் ஆடியது 'டெக்சாஸ் ஹோல்டம்' என்ற வகை. டெக்சாஸின் தெற்கே ராப்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அதுதான் இதன் பிறப்பிடம் என்று 2007இல் அந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக விரியும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏற்றலாம், கூடப் போகலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கணக்குப் பிள்ளைகளுக்கு ஒன்று: 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரும். அதில் ஏஸ் ஜோடி ஆறே விதம். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. மீதி 220 தடவை பொறுமையாக இருக்கத் தெரிந்தவருக்கே ஆட்டம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1970இல் லாஸ் வேகாஸில் 'ஹார்ஸ்ஷூ' சூதாட்ட விடுதியின் முதலாளி பென்னி பினியன், பேர்பெற்ற ஆட்டக்காரர்களைக் கூட்டி 'உலகப் போக்கர் தொடர்' என்று ஒன்று தொடங்கினார். முதல் வருடம் வழக்கமான காசு ஆட்டம்தான். யார் வென்றார் என்று எப்படிச் சொல்வது? ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஜானி மாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள்! தேர்தல் வைத்துச் சாம்பியன்! இது சரிப்படாது என்று 1971இல் முறையை மாற்றினார்கள். எல்லோரும் ஒரே கட்டணம் கட்ட வேண்டும். சமமாக வில்லைகள் கிடைக்கும். வில்லை தீர்ந்தால் எழுந்து போக வேண்டும். மறுபடி வாங்க முடியாது. கடைசியில் எல்லா வில்லையும் யாரிடம் சேர்கிறதோ அவரே வென்றவர். அந்த வருடமும் வென்றவர் அதே ஜானி மாஸ்தான். இந்த முறை ஓட்டில்லாமல்.

சாம்பியனைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் யாரும் நினைக்காமலே இன்னொரு வேலையையும் செய்தது. தோல்விக்கு ஒரு வேலி போட்டது. எவ்வளவு இழப்பேன் என்பது உட்காரும் முன்பே தெரியும். இருபது கட்டினால் இருபதுதான் போகும். கார் கொட்டகையில் தெருக்காரர்கள் பயமில்லாமல் ஆட முடிவது இந்த வேலியால்தான்.

அடுத்த திருப்பம் 2003. லாஸ் வேகாஸ் தொடரின் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதைக் கட்ட முடியாதவர்களுக்காகச் சிறு போட்டிகள் உண்டு. அவற்றில் வென்றால் பெரிய போட்டியில் இடம் பரிசு. டென்னசியைச் சேர்ந்த 27 வயது கணக்கர் ஒருவர் இணையத்தில் 86 டாலர் கட்டி அப்படி ஒரு போட்டியில் வென்று வந்தார். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயரல்ல, பிறவிப் பெயரே அதுதான். 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அதே காலத்தில் தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்களின் கவிழ்த்த சீட்டையும் பார்வையாளர்கள் பார்க்கும்படி சிறு கேமராக்கள் வந்துவிட்டன. அந்த உத்திக்குக் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஓரன்ஸ்டைன். நாஜி வதைமுகாம்களில் உயிர் தப்பி வந்து, அமெரிக்காவில் பொம்மை வடிவமைப்பாளராக வாழ்ந்தவர். மணிமேக்கர் பொய்யாக மிரட்டிப் பந்தயம் ஏற்றியதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள், "இது என்னாலும் முடியுமே" என்று நினைத்தார்கள். மறு வருடம் 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773 பேர்.

வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். சூது என்று ஓர் அதிகாரமே வைத்து, அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறார். சூதில் பயப்பட வேண்டியது தோல்வியைவிட வெற்றிக்குத்தான். 2003இல் வெளியேறிய 838 பேரை யாருக்கு நினைவிருக்கிறது?

நம் ஊருக்கு வருவோம். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூணு சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டம் அல்ல என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த ஆட்டம் பற்றிய வழக்கு அது. முகம் பார்த்து ஆடிய ஆட்டத்துக்குச் சொன்ன தீர்ப்பு. அரை நூற்றாண்டு கழித்து அதே வாதம் செல்போன் ரம்மிக்கும் கேடயமானது. தமிழ்நாடு போட்ட தடையை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2022இல் நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு புதிய மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்ப, மறுபடி நிறைவேற்றி, 2023இல் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை மட்டும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில்தான் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. இத்தனை வருடமும் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி, "இது திறமையா, அதிர்ஷ்டமா?" என்பதே. "இதற்கு வேலி இருக்கிறதா?" என்ற கேள்வி அதன் பின்னால் ஒதுங்கியே நின்றது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? உறவினர்களுக்கு எங்கள் சித்தப்பா கதை தெரியும்; மேலத்தெரு வயல் மூணு சீட்டில் போனது. மற்றவர்களுக்கு இன்னொரு கதை. 2021 கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் போனில் அழைத்தான். சொந்தமாகக் கடை வைத்திருப்பவன். செல்போன் ரம்மியில் முதல் வாரம் மூவாயிரம் ரூபாய் ஜெயித்திருக்கிறான். எட்டு மாதத்தில் மனைவியின் பதினோரு பவுன் அடகுக்குப் போய்விட்டது. கடன் கேட்டான். நான் ஒரு மணி நேரம் திட்டினேன். "படிச்சவன்தானே, புத்தி எங்கடா போச்சு?" என்று கேட்டேன். அவன் பதில் பேசாமல் வைத்துவிட்டான். பிறகு அவனாகவே எழுந்துவிட்டான் என்பது வேறு கதை. அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை இரவுக்குத் திரும்புகிறேன். மூன்று மணி நேரத்தில் பத்துப் பேர் வெளியேறி, மீதி ஆறு பேரில் நானும் ஒருவன். எனக்கு ஒரு ஜோடி ராணி வந்தது. இருந்த வில்லை எல்லாவற்றையும் தள்ளினேன். எதிரே இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள் சிரித்துக்கொண்டே கூட வந்தார். அவர் கையில் ஏஸும் ராஜாவும். கணக்குப்படி வாய்ப்பு எனக்குத்தான் சற்று அதிகம். நான்கு சீட்டுவரை என் ராணிகளே முன்னால். ஐந்தாவதாக ஒரு ராஜா விழுந்தது. முடிந்தது. ஆறாம் இடம், பரிசு இல்லை.

சரியாக ஆடியும் தோற்றேனே என்று காது சூடாகிவிட்டது. அப்போது நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இன்னொரு இருபது எடுத்து, "மறுபடி சேரலாமா?" என்று கேட்டேன். அறுபத்தெட்டு வயதில், முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன் கேட்டேன். வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்து, "இல்லை நண்பரே, ஆட்டம் முடிந்தது. கோழி ஆறுகிறது, சாப்பிடுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மாணவனைக் கூப்பிட்டேன். இங்கே இரவு பதினொன்று, அங்கே காலை ஒன்பதரை. நடந்ததைச் சொல்லி, "அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: "உங்களுக்குப் போதும்னு சொல்ல ஒருத்தர் இருந்தாரு சார். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த போன்தான் இருந்துச்சு. அது இன்னொரு ஆட்டம் இன்னொரு ஆட்டம்னுதான் கேட்டுச்சு."

சட்டம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு வேறு வாசலில் வரும். அப்போது அது திறமையா அதிர்ஷ்டமா என்று ஆராயாதீர்கள். எவ்வளவு போனால் நிற்கும், நிறுத்தச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், என் எண் உங்களிடம் இருக்கிறது. எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். இந்த முறை திட்ட மாட்டேன்.

சார் சூதாடி ஆகிவிட்டார் என்று பரப்புகிறவர்களுக்கு: இருபது டாலர் போனது உண்மை. கோழி வறுவல் நன்றாக இருந்ததும் உண்மை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்