ரோட்டரி எஞ்சினில் கம்ப்ரெஷன் சோதனை

ரோட்டரி எஞ்சினின் அறைகள் அழுத்தத்தை எவ்வளவு தாங்கிப் பிடிக்கின்றன என்று அளந்து, பிரித்துப் பார்க்காமலேயே அதன் உள்நிலையைக் கணிக்கும் முறை. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய இவ்வகை எஞ்சினை விடாப்பிடியாகக் கார்களில் பொருத்தி விற்றது ஜப்பானின் மாஸ்டா. 1967-இல் வந்த காஸ்மோ ஸ்போர்ட்டில் தொடங்கி 2012-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ்-8 வரை அந்த வரிசை நீண்டது.

பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டருக்கு ஓர் அளவு எடுத்தால் போதும். முக்கோண ரோட்டருக்கோ மூன்று முகங்கள்; ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் அறை. இரண்டு ரோட்டர் எஞ்சினுக்கு ஆறு அளவுகள் வேண்டும். சாதாரண கம்ப்ரெஷன் கேஜ் இங்கே ஆளை ஏமாற்றிவிடும். அதிலுள்ள ஒருவழி வால்வு உச்ச அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், மூன்றில் நல்ல முகத்தின் அளவே முள்ளில் நிற்கும்; பழுதான முகம் வெளியே தெரியாது. வால்வைத் திறந்துவைத்தால் முள் துள்ளும். துள்ளல்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க அது உதவும். நம்பத்தக்க எண்ணுக்கு, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பதியும் மின்னணுக் கருவிதான் வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒரு ஸ்பார்க் பிளக் துளையில் கருவியைப் பொருத்தி ஸ்டார்ட்டரால் சுழற்றுவார்கள். ரோட்டர்கள் அமர்ந்த மைய அச்சான எக்ஸென்ட்ரிக் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது ரோட்டரின் ஒரு முகம் அந்தத் துளையைக் கடக்கும். நிமிடத்துக்கு 250 சுற்று என்றால் வினாடிக்கு நான்கு துடிப்புக்குச் சற்று மேல். வேகம் குறைந்தால் காற்று கசிய நேரம் கிடைத்து அளவும் இறங்கும். சோர்ந்த பேட்டரியால் நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தெரியும். எனவே அளவை 250 சுற்றுக்கு ஈடாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். சுழற்சி வேகம் குறிக்காத சோதனைச் சீட்டால் பயனில்லை.

அந்த வேகத்தில் ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா வகுத்த அளவு 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150-க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 100-க்கு மேலும் வேறுபாடு இருக்கலாகாது.

எண்ணைவிட அதன் போக்கே அதிகம் பேசும். ரோட்டரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல் அதன் இருபுறமுள்ள அறைகளுக்கும் பொதுவானது. ஆகவே அது உடைந்தால் அடுத்தடுத்த இரண்டு முகங்கள் இறங்கி, ஒன்று மட்டும் தப்பும். ஒரே முகம் தாழ்ந்தால் சந்தேகம் பக்கவாட்டு சீல் மீது விழும். மூன்றும் சமமாகத் தாழ்ந்தால் பொதுத் தேய்மானம், அல்லது பெட்ரோல் நிரம்பி எண்ணெய்ப் படலம் கழுவப்பட்ட நிலை. பின்னதில் சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றினாலே அளவு ஏறிவிடும். ஆனால் தேய்ந்த எஞ்சினிலும் எண்ணெய் சற்று நேரம் அளவை உயர்த்திக் காட்டும். பழைய காரை விற்பவர் அதைச் செய்தாரா என்று வாங்குபவருக்குத் தெரியாது. சில நாள் ஓட்டிய பின் மீண்டும் அளப்பதே பாதுகாப்பு.

கருவி இல்லாதபோதும் அறிகுறிகள் உண்டு. குளிர்ந்த நிலையில் உடனே கிளம்பும் வண்டி, சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் கம்ப்ரெஷன் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட்டர் சுழலும்போது கேட்கும் துடிப்பில் ஒன்று தவறினாலும் சந்தேகிக்கலாம்.

கூலன்ட் சீல்களின் கசிவு இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகலாம். கம்ப்ரெஷன் எண்கள் நன்றாக இருந்தும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை வந்தாலோ, குளிரூட்டும் அமைப்பைத் தனியாக அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும்.