இடைக்காலம் எப்போது முடிந்தது? தாமிரபரணியில் ஒரே நேரத்தில் ஓடிய இரண்டு காலங்கள்!

நெல்லை வண்ணார்பேட்டையில் நின்று பார்த்தால், மேற்கே 50 - 60 கிலோமீட்டர் தொலைவில் தென்காசி. கிழக்கே ஏறக்குறைய அதே தூரத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்.

1586-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது தென்காசியில் ஒரு பாண்டிய மன்னர் ஆட்சியில் இருக்கிறார். ஓலைச்சுவடிக்காகக் காவியம் எழுதும் புலவரும் அவர்தான். அதே ஆண்டில் கிழக்குக் கடற்கரையில் உலோக எழுத்துகளைக் கோத்து, மை தடவி, காகிதத்தில் ஒரு பெரிய தமிழ்ப் புத்தகம் அச்சாகிறது.

ஒரு பக்கம் இடைக்காலம், இன்னொரு பக்கம் நவீன காலத்தின் தொடக்கம். நடுவில் இருப்பது நம்ம திருநெல்வேலி. அப்படியென்றால் இடைக்காலம் எப்போதுதான் முடிந்தது? பொருநைக் கரையில் அந்த மாற்றம் எப்படி நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

பாடப்புத்தகம் சொல்லும் தேதிகள் என்ன?

உலக வரலாற்றில் இடைக்காலம் முடிந்ததற்கு வழக்கமாக ஓரிரு தேதிகளைச் சொல்வார்கள். 1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றியது. 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கா போனது. இந்தியா என்றால் 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்து இறங்கியது.

இதெல்லாம் பரீட்சைக்கு வசதியான தேதிகள். ஆனால் 1498-ல் பொழுது விடிந்தபோது தாமிரபரணிக் கரையில் நெல் நடுபவருக்கு எதுவும் மாறிவிடவில்லை. இங்கே மாற்றம் கடல் வழியாக வந்தது. கடற்கரையில் தொடங்கி, உள்நாட்டுக்கு மெல்ல மெல்லத்தான் ஏறியது.

தென்காசிக்குப் பாண்டியர்கள் ஏன் வந்தார்கள்?

பாண்டியர் என்றால் மதுரைதானே நினைவுக்கு வரும்? 1311-ல் மாலிக் கபூரின் படை மதுரை வரை வந்தது. அதன்பின் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி, அடுத்து விஜயநகரத்தின் அதிகாரம். பாண்டியர்கள் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்கு நகர்ந்தார்கள்.

1422-ல் ஆட்சிக்கு வந்த சடையவர்மன் பராக்கிரம பாண்டியன், தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் கரையில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். ஆண்டு 1446. 'தென்காசி' என்ற பெயரே அந்தக் கோயிலோடு சேர்ந்ததுதான்.

இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரி செய்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் ஒரு செய்தியை அவர் கல்லில் வெட்டி வைத்தார். ஒரு ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒருவரை முன்கூட்டியே வணங்குகிறார்!

இடைக்காலத்தின் இயல்பை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அன்று கோயில் என்பது கும்பிடும் இடம் மட்டும் அல்ல. நிலம், நெல், நீர்ப்பாசனம், வேலை, கடன் எல்லாம் கோயிலைச் சுற்றியே ஓடின. கல்வெட்டுதான் பத்திரம். 'சந்திரசூரியர் உள்ளவரை' என்பதுதான் அதன் காலக்கெடு. எழுதியது நிலைக்கும் என்ற நம்பிக்கையில் நடந்த உலகம் அது.

கடற்கரையில் நிலைமை வேறு

ஆற்றின் கீழ்முனையில் எதுவுமே நிலையாக இல்லை. துறைமுகமே ஊர் விட்டு ஊர் நகர்ந்துகொண்டிருந்தது.

சங்க காலத்தில் கொற்கை முத்துத் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மணல் சேரச்சேரக் கடல் விலகிப்போனது. அடுத்து காயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரேபியா, பாரசீகப் பகுதிகளிலிருந்து இங்கே குதிரைகள் வந்து இறங்குவதை எழுதியிருக்கிறார். முத்து வெளியே போகும், குதிரை உள்ளே வரும். பாண்டியரின் பணமும் படையும் இதை நம்பித்தான் இருந்தன.

அதற்கும் அடுத்து புன்னைக்காயல். பிறகு தூத்துக்குடி. இன்று கொற்கைக்குப் போனால் கடலைப் பார்க்க முடியாது, வயலைத்தான் பார்க்க முடியும்.

போர்த்துக்கீசியர் வந்ததும் என்ன மாறியது?

இந்தியப் பெருங்கடலில் அதுவரை அரபு, குஜராத்தி, தமிழ், மலாய் வணிகர்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் ஓட்டினார்கள். துறைமுகத்தில் வரி உண்டு. ஆனால் நடுக்கடலில் போவதற்கு யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

போர்த்துக்கீசியர்கள் அதை மாற்றினார்கள். தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பல்களைப் பீரங்கி வைத்துப் பிடித்தார்கள். கடலுக்கே ஒரு சோதனைச்சாவடி போட்ட மாதிரி. புதிய காலத்தின் முதல் அடையாளம் இதுதான்.

இந்தச் சூழலில்தான் முத்துக்குளித்துறையில் ஒரு பெரிய சிக்கல் வெடித்தது. கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் பரதவர்கள். முத்துச் சலாபத்தின் குத்தகையும் வணிகமும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள் கையில் இருந்தன. 1530-களில் இரு தரப்புக்கும் மோதல் முற்றியது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 - 37 காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்பது வரலாற்று நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை.

இதை வெறும் மதமாற்றம் என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒரு சமூகம் தன் தொழிலையும் உயிரையும் காப்பாற்றிக்கொள்ள, அன்றைக்குக் கடலில் யாரிடம் பீரங்கி இருந்ததோ அவர்களோடு செய்துகொண்ட ஏற்பாடும்கூட அது.

அதற்கு விலையும் இருந்தது. சலாபத்தில் போர்த்துக்கீசியருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். நிலத்திலிருந்த ஆட்சியாளர்களும் தங்கள் பங்கை விடவில்லை. 1544-ல் வடக்கிலிருந்து வந்த படைகள் கடற்கரை ஊர்களைத் தாக்கியதை, அப்போது இங்கிருந்த பிரான்சிஸ் சேவியர் தன் கடிதங்களில் எழுதியிருக்கிறார். கடலில் இருப்பவருக்கும் கரையில் இருப்பவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் முத்துக் குளித்தவர்கள்தான்.

தமிழ் அச்சேறியது எப்படி?

1554-ல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சானது. ஆனால் எழுத்து ரோமன் எழுத்து. இன்று வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. லிஸ்பனில் இருந்த தமிழர்கள் மூன்று பேர் அதற்கு உழைத்தார்கள்.

தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று முயன்றவர் என்றிக்கே என்றிக்கஸ். 1540-களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த இந்தப் போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார், பரதவ மக்களோடு வாழ்ந்து தமிழ் படித்தார். 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. வெறும் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் இதுதான். கொல்லம் எங்கே இருக்கிறது? தென்காசியிலிருந்து செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் அந்தப் பக்கம்.

அடுத்து 1586-ல் 'அடியார் வரலாறு'. அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். இது அச்சான இடம் புன்னைக்காயல் என்று கருதப்படுகிறது. இந்த அச்சு முயற்சிக்குப் பணம் கொடுத்ததில் முத்துக்குளித்துறை மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு, தமிழை அச்சில் ஏற்றியது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. இந்த நூல்களின் தமிழ் புலவர் தமிழ் அல்ல. கடற்கரையில் பேசிய பேச்சு வழக்கு அதில் தாராளமாக இருக்கிறது. தமிழின் முதல் அச்சுப் புத்தகங்கள் பண்டிதருக்காக அல்ல, கரையோரத்துச் சாதாரண மனிதருக்காக அச்சிடப்பட்டவை.

அதே நேரத்தில் தென்காசியில்...

1560-களில் பட்டத்துக்கு வந்தவர் அதிவீரராம பாண்டியன். நளன் கதையைச் சொல்லும் 'நைடதம்', நீதி நூலான 'வெற்றிவேற்கை', 'காசி காண்டம்' ஆகியவை இவர் எழுதியவை.

இவருடைய காலமும் என்றிக்கஸின் காலமும் ஒன்றேதான். இரண்டு பேரும் தமிழில் எழுதினார்கள். ஒருவர் கையில் எழுத்தாணி, இன்னொருவரிடம் அச்சுப்பொறி.

'அச்சு வந்தது, ஓலை போனது' என்று இதைச் சுருக்கிவிட முடியாது. அந்த அச்சு முயற்சி நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவ 19-ஆம் நூற்றாண்டு வரை ஆனது. ஓலையில் பிறந்த நைடதமோ புலவர்கள் கைமாறிக் கைமாறி நிலைத்தது. யார் பழையவர், யார் புதியவர் என்று 1586-ல் கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

நடுவில் திருநெல்வேலியில் நடந்தது என்ன?

1529 வாக்கில் மதுரையில் விசுவநாத நாயக்கரின் ஆட்சி தொடங்கியது. அவருடைய தளவாய் அரியநாத முதலியாரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது 72 பாளையங்கள். தங்கள் எல்லையில் வரி வாங்கி, காவல் காத்து, போர் வந்தால் படை அனுப்புவது பாளையக்காரரின் பொறுப்பு. தென்காசிப் பாண்டியர்கள் மெல்ல நாயக்கருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்களாகி, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வரலாற்றிலிருந்து மறைந்தார்கள்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள கிருஷ்ணாபுரம் கோயிலின் உயிரோட்டமான சிற்பங்கள் இந்த நாயக்கர் காலத்தின் நினைவுதான்.

நம் சமையலறையில் அந்தக் காலம்

அதுவரை காரம் என்றால் மிளகு. அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த புதிய காய்க்கு, மிளகு போலக் காரமாக இருந்ததால் 'மிளகாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முந்திரி, பப்பாளி, கொய்யா, அன்னாசி, புகையிலை எல்லாம் அப்படி வந்தவைதான். தூத்துக்குடி மக்ரூனில் போடும் முந்திரியின் பூர்வீகம் பிரேசில்!

சொற்களும் வந்தன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்களிலிருந்து வந்தவை.

மாறாதது என்ன?

தாமிரபரணியில் உள்ள 8 பழம்பெரும் அணைக்கட்டுகளில் 7, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும்தான் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியர் போய், நாயக்கர் போய், நவாப் போய், கம்பெனி வந்தபோதும் அதே கால்வாய்களில்தான் தண்ணீர் ஓடியது. அதே வயல்களில்தான் நெல் விளைந்தது. ஆட்சிக்கு ஒரு காலம், பயிருக்கு இன்னொரு காலம்.

முக்கிய ஆண்டுகள் ஒரே பார்வையில்

1422 - பராக்கிரம பாண்டியன் ஆட்சி தொடக்கம்
1446 - தென்காசிக் கோயில் பணி தொடக்கம்
1498 - வாஸ்கோடகாமா கோழிக்கோடு வருகை
1535 - 37 - முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரோடு இணைதல்
1578 - 'தம்பிரான் வணக்கம்'
1586 - 'அடியார் வரலாறு'
1658 - தூத்துக்குடி டச்சுக்காரர் வசம்
1801 - நெல்லைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி வசம்

அப்போ, இடைக்காலம் எப்போது முடிந்தது?

புன்னைக்காயலில் கேட்டால் 1530-கள் என்று சொல்லலாம். தென்காசியில் கேட்டால் 1600-க்குப் பிறகு. ஒரே ஆறு, இரண்டு பதில்கள். நடுவில் கிட்டத்தட்ட 80 ஆண்டுகள் இரண்டு காலமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன.

பொருநை நாகரிகம் என்றதும் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று 2,000 - 3,000 ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறோம். அது பெருமைதான். ஆனால் நாம் இன்று சாப்பிடுகிற சட்னியின் காரம், வீட்டுச் சாவி, படிக்கிற அச்செழுத்து எல்லாம் வந்து சேர்ந்தது இந்த இடைப்பட்ட 150 ஆண்டுகளில்தான். லாபம் பார்த்தவர்கள் இருந்தார்கள், தொழிலை இழந்தவர்கள் இருந்தார்கள், உயிரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். காலம் மாறுகிறது என்று அன்று யாரும் அறிவிக்கவில்லை.

வண்ணார்பேட்டையையும் ஜங்ஷனையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-ல்தான் வந்தது. கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணம் போட்டுக் கட்டிய பாலம் அது. அடுத்த முறை அதைக் கடக்கும்போது கீழே ஓடும் தண்ணீரை ஒரு நிமிடம் பாருங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே, அந்த இரண்டு காலங்களையும் இணைத்து ஓடியது இதே ஆறுதான்.