ரோஜா, குலாபி, ரோஸ்: ஓசூர் எல்லையில் ஒரு பூப்பெயரின் வரலாறு

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுமே அன்றாட மொழிகள். தமிழ் பேசுபவர் ரோஜா என்னும் பூவை மற்ற இரு மொழியினரும் குலாபி என்கிறார்கள். அதே பூ பெட்டிக்குள் அடுக்கப்பட்டு விமானம் ஏறும்போது ரோஸ் ஆகிவிடுகிறது. கேட்பதற்குத் தொடர்பற்றவையாகத் தோன்றும் இப்பெயர்கள் பிறந்த வீடு ஒன்றே, வந்த வழிதான் வேறு. அவ்வழிகள் கூடுமிடம் ஓசூர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சொல்லாய்வாளர் பெரும்பாலோர் சுட்டும் மூலம் பழைய ஈரானிய மொழியின் ‘வ்ருத’ என்னும் சொல். அரபியின் ‘வர்த்’, ஆர்மீனியத்தின் ‘வார்த்’ ஆகியவை அதன் சாயலை இன்றும் காக்கின்றன. கிரேக்கத்தில் அது ‘ரோதோன்’ ஆயிற்று. இலத்தீனின் ‘ரோசா’வும் அதன் உறவே, ஆங்கில ரோஸ் அங்கிருந்து பிறந்தது. பாரசீகத்தில் அதே வேர் ‘குல்’ எனத் தேய்ந்தது. குல் என்றால் பூ, ஆப் என்றால் நீர். ஆக, குலாப் என்பது முதலில் பன்னீரின் பெயர். நீரின் பெயர் பூவின் மேல் ஏறியது பிற்பாடு நடந்தது. குலாப் ஜாமூனில் ஊறியிருப்பது அந்தப் பழைய பொருள்தான். பன்னீர் ரோஜா என்னும் தமிழ் வழக்கிலும் நீர்தான் பூவுக்குப் பெயர் கொடுக்கிறது.

தமிழின் ரோஜா கடல்வழி வந்தது. 1530-களில் முத்துக்குளித்துறையில் காலூன்றிய போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சாவி, ஜன்னல், அலமாரி வரிசையிலேயே இதையும் வைப்பது வழக்கம். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் காட்டும் பூக்களில் ரோஜா இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் அதற்கு முளரி என்று பெயரிட்டார்கள். ஆனால் பழைய நூல்களில் முளரி பெரும்பாலும் தாமரையையும் முட்செடியையும் குறிப்பது. முள்ளை நினைத்து இட்ட பெயர் என்றால் பொருந்தும். பழந்தமிழ் ரோஜா என்று காட்டினால் வரலாறு இடம் தராது.

குலாபி தரைவழி வந்தது. 1638-இல் பெங்களூரைப் பிடித்த பீஜப்பூர் சுல்தானியத்தின் ஆட்சியிலும், பின்னர் ஹைதர் அலி, திப்பு காலத்து மைசூரிலும் பாரசீகம் செல்வாக்கோடு இருந்தது. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதியோ திப்பு வீழ்ந்த 1799 வரை மைசூரோடு இருந்தது. இன்றைய மாநில எல்லை இவற்றுக்கெல்லாம் மிகவும் பிந்தியது. ஆகவே ஓசூரில் குலாபியைப் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த சொல்லாகக் கருதுவதற்கில்லை. அது அந்த மண்ணில் பழகிய சொல்.

நிறத்தில்தான் தமிழ் ஒரு வேடிக்கை செய்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பூவுக்கும் நிறத்துக்கும் குலாபி ஒன்றே போதும். தமிழில் பூ போர்த்துக்கீசிய ரோஜாவாகவே நின்றது. நிறத்துக்கு ஆங்கில ரோஸை வாங்கிக்கொண்டோம். ஜவுளிக்கடையில் ரோஜா கலர் என்பவர் குறைவு, ரோஸ் கலர் என்பவரே மிகுதி. இளஞ்சிவப்பு ஏட்டோடு நின்றது. ஆங்கிலத்திலோ அந்நிறத்தின் பொதுப்பெயர் பிங்க். அதுவும் பூவின் பெயரே: ஓரம் நறுக்கிவிட்டாற்போன்ற இதழுடைய, கார்னேஷன் இனத்துப் பூ. 16-ஆம் நூற்றாண்டில் பூவைக் குறித்த சொல் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் நிறத்துக்கு உரியதாயிற்று. அதற்கு முன்பு ஓவியர்களிடையே பிங்க் என்பது தாவரச் சாற்றில் செய்த ஒருவகை மஞ்சள் சாயத்தின் பெயர்! ரோஜாவோடு கார்னேஷனும் ஓசூர்ப் பசுமைக்குடில்களில் விளைவதால், இரு நிறப்பெயர்களின் மூலப் பூக்களும் இங்கேயே பூக்கின்றன.

செடியின் பயணமும் நேர்கோடு அன்று. மாலைக்கு உதிரியாக விற்கும் எட்வர்ட் ரோஸ், ரீயூனியன் தீவில் தோன்றிய பூர்பான் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுதும் பூக்கும் குணம் சீன ரோஜாவின் கொடை.

நீண்ட காம்போடு வெட்டி விற்கும் கொய்மலர் வந்த கதை அண்மையது. 1988-ஆம் ஆண்டு விதைக்கொள்கை வெளிநாட்டு நடவுச்செடிகளுக்குக் கதவு திறந்தது. சுமார் 900 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியும், 40 கிலோமீட்டரில் பெங்களூருவும் ஓசூருக்குச் சாதகமாயின. பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் பக்கங்களில் பசுமைக்குடில்கள் எழுந்தன. அமுதகொண்டப்பள்ளியில் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் பங்கேற்ற டான்ஃப்ளோரா கொய்மலர்ப் பூங்கா உருவாயிற்று. அங்கே காம்பின் நீளம் அளந்து தரம் பிரிக்கிறார்கள்; பிப்ரவரி 14-க்குக் கேட்பது பெரும்பாலும் சிவப்பு. பெயரிடுவது இப்போது ஊரார் வழக்கில் இல்லை. வகையை உருவாக்கியவருக்கே அந்த உரிமை, காப்புரிமை பெற்ற வகையானால் உரிமைத்தொகையும் உண்டு. தாஜ்மஹால் என்னும் சிவப்பு வகையை ரோஜா என்பவரும் குலாபி என்பவரும் தாஜ்மஹால் என்றே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.