எந்த நாளின் நிலை? ஆஸ்திரேலியத் தொழிற்பயிற்சிப் பதிவு வழக்குகளில் ஒரு கேள்வியின் வரலாறு

ஆஸ்திரேலியாவில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனத்தின் பதிவு ரத்தானால், அதன் நிர்வாகம் வழக்கமாக நாடுவது நீதிமன்றத்தை அல்ல, தீர்ப்பாயத்தை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 1970களில் உருவானது. அரசு எடுத்த முடிவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கும். தீர்ப்பாயமோ அதிகாரியின் நாற்காலியில் தானே அமர்ந்து அதே முடிவை மறுபடி எடுக்கும். அரசு முடிவுகளின் மறு ஆய்வு முறையை ஆராய்ந்த கெர் குழுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கையையொட்டி 1975இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு ஜூலையில் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பணியைத் தொடங்கியது. அதன் அளவுகோலை 1979இல் டிரேக் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. அதிகாரி பிழை செய்தாரா என்று தேட வேண்டியதில்லை. தன் முன் உள்ள சான்றுகளின்படி எது சரியான, அல்லது உகந்த முடிவு என்பதையே தீர்ப்பாயம் காண வேண்டும்.

தொழிற்பயிற்சித் துறை இந்தத் தீர்ப்பாயத்துக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தது பிற்பாடுதான். 2011 வரை பதிவு மாநிலங்களின் வேலை. 2000களில் சமையல், சிகையலங்காரப் படிப்புகள் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி என்று பெயரெடுத்தன. மெல்பர்னிலும் சிட்னியிலும் பெருகிய தனியார் கல்லூரிகளில் இந்திய மாணவர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். 2009இல் அவற்றுள் சில திடீரென மூடப்பட்டபோது, கட்டணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். புரூஸ் பேர்ட் தலைமையிலான ஆய்வு 2010இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு தேசிய ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறி, 2011 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியத் திறன் தர ஆணையம் பிறந்தது. விக்டோரியாவும் மேற்கு ஆஸ்திரேலியாவும் தங்கள் அதிகாரத்தை ஒப்படைக்க மறுத்தன. ஆனாலும் அங்குள்ள நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்தாலோ பிற மாநிலங்களில் பயிற்சி நடத்தினாலோ தேசிய ஆணையத்தின் கீழ்தான் வர வேண்டும். பதிவு மறுப்பு, ரத்து, இடைநிறுத்தம் போன்ற முடிவுகளைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையையும் அந்தச் சட்டமே அளித்தது.

இந்தத் துறையின் வழக்குகளைத் தீர்மானித்த தீர்ப்பு இந்தத் துறையில் பிறக்கவில்லை. குடியேற்ற முகவர் ஒருவரின் பதிவு 2003இல் ரத்தானது. மேல்முறையீடு நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் தன் நடைமுறைகளைத் திருத்திக்கொண்டார். தீர்ப்பாயம் அவரை ரத்து நாளின் நிலையில் வைத்து எடைபோடுவதா, விசாரணை நாளின் நிலையில் வைத்தா? ஷி வழக்கு என்று அறியப்படும் இதில், 2008இல் ஹை கோர்ட் (அங்கே உச்ச அமைப்பு அதுதான்) இரண்டாவதைத் தேர்ந்தது. சட்டம் ஒரு குறிப்பிட்ட நாளோடு கேள்வியைக் கட்டிப்போடாத வரை, தீர்ப்பாயம் தான் முடிவெடுக்கும் நாள் வரையிலான சான்றுகளைப் பார்க்கலாம். பதிவுக்குத் தகுதியானவர் 'அல்லர்' என்று சட்டம் நிகழ்காலத்தில் பேசுவதும் இந்த முடிவுக்குத் துணைநின்றது.

மூன்றாண்டுகள் கழித்துப் பிறந்த ஆணையம் இதன் விளைவை உடனே சந்தித்தது. தணிக்கையில் தகுதியற்ற பயிற்றுநர், அரைகுறை மதிப்பீட்டுத் தாள்கள், பதிவேடுகளில் ஓட்டை என்று குறைகள் வெளிப்படும். ரத்து ஆணை போகும். நிறுவனம் ஆலோசகரை அமர்த்தி, மதிப்பீட்டுக் கருவிகளைப் புதிதாக எழுதி, கட்டுக்கட்டாக ஆவணங்களோடு தீர்ப்பாயத்துக்கு வரும். ஆணையம் அன்று கண்ட நிறுவனம் ஒன்று, தீர்ப்பாயம் இன்று காணும் நிறுவனம் வேறொன்று. இது காகிதத் திருத்தம்தான், பழைய நடத்தையே வரப்போவதற்குச் சாட்சி என்று வாதிடுவதைத் தவிர ஆணையத்துக்கு வழியில்லை. ரத்து ஆணைக்கான இடைக்காலத் தடையும் இதோடு சேர்ந்துகொள்ளும். தடை கிடைத்தால், சில வேளை புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, நிறுவனம் மாதக்கணக்கில் இயங்கலாம்.

ஷி தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. திருந்திய நிறுவனத்தை மூடினால் முதலில் அடிபடுவது அதில் படிப்பவர்தான். சிக்கல், காலத்துக்கு ஒரு விலை ஏற்பட்டதில் இருந்தது. டிப்ளமோ படிப்புகளுக்கான அரசுக் கடன் 2009இல் ஏறத்தாழ 2.6 கோடி டாலர். 2015இல் அது 290 கோடி டாலரானது. ஒவ்வொரு சேர்க்கையும் அரசுப் பணத்தைக் கொண்டுவரும் சூழலில், தோற்கப்போகும் வழக்குகூட நடக்கும் வரை லாபம்தான். அந்தக் கடன் திட்டம் 2016 இறுதியில் மூடப்பட்டது.

அடுத்து ஆணையமே விமர்சனத்துக்கு உள்ளானது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் செயல்பாட்டை ஆராய்ந்த வேலரி பிரைத்வெயிட்டின் அறிக்கை 2018இல் வெளியானது. 2020இல் இன்னொரு மறு ஆய்வு. பிறகு, குறைகளைத் திருத்திக்கொள்ள நிறுவனங்களுக்கு ஆணையமே வாய்ப்பளிக்கத் தொடங்கியது. தீர்ப்பாயத்தில் கிடைத்துவந்த இரண்டாம் வாய்ப்பு, இதன்மூலம் வழக்குக்கு முந்தைய கட்டத்துக்கு நகர்ந்தது.

2024ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வேறு திசையில் போனது. 12 மாதங்கள் பயிற்சியே நடத்தாத நிறுவனத்தின் பதிவு தானாகக் காலாவதியாகும். ஆணையம் ரத்து முடிவு எதையும் எடுக்காததால், மேல்முறையீட்டுக்கான பிடியும் தளர்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று பழைய தீர்ப்பாயத்தின் இடத்தில் நிர்வாக மறு ஆய்வுத் தீர்ப்பாயம் வந்தது. முடிவை மறுபடி எடுக்கும் பணி அப்படியே தொடர்கிறது.

2024 இறுதியிலிருந்து ஆணையம் நிறுவனங்களின் பதிவோடு நிற்காமல், அவை வழங்கிய சான்றிதழ்களையும் ரத்து செய்து வருகிறது. குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, கட்டுமானம் போன்ற துறைகளில் ரத்தான சான்றிதழ்களின் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டிவிட்டது. இங்கே ஷி வழக்கின் தர்க்கம் எளிதில் பொருந்தாது. உரிய பயிற்சியும் மதிப்பீடும் நடந்தனவா என்பது சான்றிதழ் வழங்கிய நாளோடு முடிந்துபோன கேள்வி. நிறுவனம் பிறகு எவ்வளவு திருந்தினாலும் அதன் விடை மாறாது. பயிற்சி நடந்ததற்கான பதிவேடுகள் இருக்க வேண்டிய இடம் நிறுவனம். அதுவோ பெரும்பாலும் அதற்குள் மூடப்பட்டிருக்கும். ஆகவே தான் உண்மையில் படித்ததை மெய்ப்பிக்கும் சுமை, அந்தச் சான்றிதழை நம்பி வேலைக்குச் சேர்ந்த பணியாளர் மீது விழுகிறது.