அண்ணன்மார் கதை கேம் ஆனா, உடுக்கை யார் கையில?

ஓபரான்னு சொன்னா நம்ம கிளாஸ்ல பாதிப் பேருக்கு பிரவுசர்தான் ஞாபகம் வரும் :-) நான் சொல்றது பாட்டாவே நடக்கற நாடகத்தை. கதை நகரணும்னா பேசற மாதிரி இழுத்துப் பாடுவாங்க, உணர்ச்சி முத்தினா முழுப் பாட்டு. 1994ல வந்த ஃபைனல் ஃபேன்டசி 6 கேமுக்குள்ளயே ஒரு ஓபரா காட்சி உண்டு. ஆடறவர் அடுத்த வரியைச் சரியா எடுத்துக் கொடுக்கணும், தப்பா எடுத்தா காட்சி கெட்டுப் போகும்.

இந்த வசனமும் பாட்டும் கலந்த அமைப்பு நம்ம கொங்குநாட்டுல எப்பவோ இருக்குங்க. உடுக்கடிப் பாட்டுன்னு பேரு. அதுல பெரிய கதை, பொன்னர் சங்கர்னு எல்லாருக்கும் தெரிஞ்ச அண்ணன்மார் கதை. ஒருத்தர் உடுக்கை அடிச்சுப் பாட, இன்னொருத்தர் பின்பாட்டு பாட, பல ராத்திரி ஓடும். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கி 1965ல இதை டேப்புல பதிவு பண்ணினார். 1982ல இதைப் பத்தி ஆய்வு நூல் போட்டார், அப்புறம் 26 பகுதி கார்ட்டூன் தொடராவும் எடுத்தார். கலைஞர் நாவலா எழுதி, 2011ல பிரசாந்த் நடிச்சு படமாவும் வந்தது.

அடுத்தது கேம்தானே? மேலோட்டமாப் பார்த்தா ரெடிமேடு சரக்கு. கொம்பன்னு ஒரு ராட்சசக் காட்டுப்பன்னி இருக்கு, கடைசி லெவல் வில்லனுக்குப் பொருத்தமான ஆள். பெரிய வீரர்கள் திணறும்போது அதை மடக்க வழி பண்றது பொன்னாச்சிங்கற குட்டி நாய். (அந்த நாய்க்காகவே நான் கேமை வாங்குவேன்.)

சிக்கல் முடிவுல. அண்ணன்மாருக்கு விதிச்ச ஆயுசு 16 வருஷம். எவ்வளவு நல்லா ஆடினாலும் ஹீரோ சாகணும். இதை எந்த கேம் கம்பெனி ஒத்துக்கும்? ஆனா இதுக்கு பதில் நம்ம சடங்குலயே இருக்கு. மணப்பாறை பக்கம் வீரப்பூர்ல மாசித் திருவிழாவிலயும், கதை பாடற ஊர்கள்லயும் படுகளம்னு ஒண்ணு நடக்கும். செத்த வீரர்களா ஆளுங்க விழுந்து கிடப்பாங்க, தங்காள் முறையில தீர்த்தம் தெளிச்சு எழுப்புவாங்க. கேம்ல செத்துப் பிழைக்கறது வெறும் பட்டன். இங்க அதுக்கு ஒரு தங்கச்சியோட அழுகை வேணும். அதனால கன்ட்ரோலரை தங்காள் கையில கொடுக்கணும்ங்கறது என் கட்சி.

இன்னொரு சங்கடமும் உண்டு. கதைல எதிரி வேட்டுவர்கள். அந்தச் சமூகம் இன்னைக்கும் நம்ம பக்கத்து வீட்டுல இருக்கு. அவங்களை வெறும் சுட்டுத் தள்ளற பொம்மையா வச்சா அது கேம் இல்ல, ஊர்ச்சண்டை. காட்டை அழிச்சு வயலாக்கறப்போ காட்டுல இருந்தவன் என்ன நினைச்சான்னு அவன் பக்கமிருந்தும் ஆட விடணும்.

கடைசியா, பாடகர். அலாஸ்கா இனுப்பியாட் மக்களோட கதையை வச்சு 2014ல நெவர் அலோன்னு ஒரு கேம் வந்தது. அந்தக் கதையைச் சொன்ன ராபர்ட் கிளீவ்லண்டோட மகள் மின்னி கிரேகிட்ட முறையா அனுமதி கேட்டாங்க. கேம் முழுக்கக் கதை சொல்ற குரல் அவங்க மொழியிலயே வரும்.

நம்ம பி.காம் பிசினஸ் லா மூளைல பார்த்தா, அண்ணன்மார் கதைக்கு தனி ஓனர் யாரும் இல்ல, யார் வேணா எடுக்கலாம். 1994ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போதான் நிகழ்த்துகிறவருக்குன்னு தனி உரிமை வந்தது, 1999ல அது 50 வருஷமாச்சு. ஆக, பாடகரோட குரலைப் பயன்படுத்தினா அவரைக் கேட்டாகணும். கதையை மட்டும் உருவி சினிமா ட்யூன் போட்டா கேட்கவே வேண்டாம். செலவு குறையும்னு கம்பெனி ரெண்டாவதைத்தான் எடுக்கும். ஆனா பல ராத்திரி ஜனங்களை முழிச்சிருக்க வச்சது அந்த உடுக்கையும் குரலும்தானுங்களே!